பப்பாளிப் பால் தின்ற ரேகை

நேற்று ரேஷன் கடையில் அந்தச் சின்ன மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. வலது கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று பத்துப் பேரையும் வரிசையாகப் பரீட்சைக்கு அனுப்பியும் ஒருவர்கூடத் தேறவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். பில் போடுகிற பெண் என் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னம்மா, வெரல்ல கோடே காணோம்? மருந்து வேலைக்குப் போறீகளா?"

நம் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற மருந்துதான். "இல்லத்தா, பப்பாளித் தோலு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நல்ல மனதோடுதான் சொன்னாள்: "எங்க பெரியம்மாவுக்கும் இப்பிடித்தான் சுண்ணாம்பு வேலையில அழிஞ்சு போச்சு. ஆறு மாசம் வேலைய நிறுத்துங்க, கோடு தன்னால வளந்துரும். இந்தத் தடவ போனுக்கு வார நம்பர வச்சுப் போட்டுருதேன்." அரிசி வாங்கினேன், பருப்பு வாங்கினேன். பாமாயில் பாக்கெட்டை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அது ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வரும் வழியெல்லாம் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவியும் விரலிலிருந்து அந்தப் பச்சைப் பப்பாளி வாடை போகவில்லை. அந்த வாடை அடித்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். நலமா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. போன இடத்திலும் நீ யாரையாவது எதிர்த்துப் பேசிக்கொண்டுதான் இருப்பாய்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். விருதுநகரில் என் நாத்தனார் மகள் கல்யாணம். என் வீட்டுக்காரர்தான் பண்டாரி, அதாவது பிரியாணிக்குத் தலைமைச் சமையல்காரர். நீ வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாய். புருஷனை இழந்து வருஷம்கூடத் திரும்பவில்லை என்பதால் பந்தலுக்குள் வர உனக்கு மனமில்லை. நேரே சமையல் கொட்டகைக்கு வந்து என் பக்கத்தில் வெங்காயக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாய். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோமே, அதே மாதிரி முழங்கை இடித்துக்கொண்டு.

எதிரே மலைபோலப் பப்பாளித் தோல். காயெல்லாம் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்கிற தால்சாவுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரர் அந்தக் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி அரைத்துக் கறியில் பிசைந்துகொண்டிருந்தார். நீ சும்மா இருப்பவளா?

"ஏண்ணே, காயப் போடாம தோலப் போடுதீக?"

"பாலு அம்புட்டும் தோலுலதான தங்கச்சி இருக்கு. எம்புட்டு முத்துன கெடாவா இருந்தாலும் ஒரு மணி நேரத்துல சொன்ன பேச்சக் கேக்கும்."

நீ என் பக்கம் திரும்பினாய். நான் அப்போது ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுகிற வேலைதான் என்றாலும் உனக்கு நான் விஞ்ஞானி. அதில் ஒரு நொதி இருக்கிறது, அது புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டும், அதனால் கறி இளகுகிறது என்று சொன்னேன். நீ வெங்காயச் சருகைக் கிழித்துக்கொண்டே அந்தத் தோல் குவியலைப் பார்த்தாய்.

"ஏ நூரு, கடலைலயும் புரதந்தான இருக்கு?"

"ஆமா."

"எண்ணெ அதுக்குள்ளதான ஒளிஞ்சு கெடக்கு? இது அதையும் வெட்டும்ல?"

பட்டம் வாங்கியவள் நான். படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்டு போனவள் நீ. பத்து வருஷமாகப் புத்தகத்தைத் தூசி தட்டுகிற எனக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை. மிச்சத் தோலை யாரும் கொட்டிவிடக் கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டுவிட்டு, இரண்டு சாக்கு நிறைய அள்ளிக்கொண்டு நீ பஸ் ஏறினாய். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை வாங்காமல் குப்பை வாங்கிக்கொண்டு போன விருந்தாளி என்று என் மாமியார் கடைசிவரை உன்னைச் சொல்லிச் சிரித்தார்.

உனக்கு அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். உன் புருஷன் விட்டுப்போனது அந்தக் கடலைச் செக்கு மில் ஒன்றுதான். மானாவாரிக் கடலை, மழை பொய்த்தால் பருப்பு சிறுத்துவிடும், எண்ணெய் குறைந்துவிடும். ஆட்டி முடித்த பிறகும் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் நின்றுவிடுகிறது என்று நீ புலம்பாத நாளில்லை. உன் கொழுந்தன் ஒரு நாள் முற்றத்தில் நின்று மரியாதையாகவே சொன்னார்.

"மதினி, தை வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல மில்லு கட்டடத்தப் பட்டாசு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டுருவோம். சரக்கு அடுக்க எடம் கேட்டு ஆளு வந்துக்கிட்டே இருக்கு. நீங்க வீட்டோட நிம்மதியா இருங்க."

"எம் மில்லுல எண்ணெ வாடையத் தவிர வேற வாடை வரப்படாது" என்று நீ சொன்னாய். அந்த ஒரே வரியை நீ எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னாய் என்பதற்குக் கணக்கில்லை.

பட்டாசு நம் ஊருக்குச் சோறு போடுகிறது. அதை நீயும் மறுத்ததில்லை. தீபாவளிக்குத் தெருவில் முதல் சரத்தைக் கொளுத்துகிறவளே நீதான். ஆனால் உன் மில்லில் கடலை உடைத்த மூன்று பெண்களும் மருந்து அறையிலிருந்து விலகி வந்தவர்கள். அவர்களில் பேச்சியம்மாளின் வலது காது ஓரத்தில் தீ தடவிய தழும்பு இருந்தது. "இங்கன வந்த பெறகுதான் எம் புள்ளைக நான் வீடு திரும்புற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டு நிக்காம வெளையாடப் போகுதுக" என்று அவள் சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். அந்த மில் மூடினால் அவர்கள் திரும்பிப் போகிற இடம் எது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் கொழுந்தனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் சாக்கோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பின்னாடி போங்கம்மா, பின்னாடி போங்க" என்பார். பின் சீட்டுக்குப் போனால் அங்கிருந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அந்த வருஷங்களில் உட்கார இடமில்லாமல் நான் நின்று பிரயாணம் செய்ததே கிடையாது.

செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடலையை ஒன்றிரண்டாக உடைத்து, தோலை அரைத்த தண்ணீரைத் தெளித்துப் பிசறி, சாக்குப் போட்டு மூடி வைப்போம். பிறகு களத்தில் உலர்த்திச் செக்கில் போடுவோம். எவ்வளவு நேரம் மூடுவது என்பதில்தான் வம்பே. நேரம் குறைந்தால் ஒன்றும் நடக்காது, நேரம் கூடினால் புண்ணாக்கு கசந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க என் லேபில் கருவி கிடையாது. உன் எருமைதான் கருவி. அது முகத்தைத் திருப்பிக்கொண்டால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம். "மேடம் என்ன சொல்றாக?" என்று அதன் முன்னால் நோட்டும் பென்சிலுமாக நீ நிற்பாய். பழுத்த பழத்தின் தோல் உதவாது, பச்சைக் காயின் தோல்தான் பிடிக்கும் என்பதும், செக்கிலிருந்து சூடாக வந்த புண்ணாக்கில் தெளித்தால் நொதி செத்துவிடும் என்பதும் அப்படித் தட்டுத் தடுமாறிக் கற்றதுதான். அந்த நாட்களிலேயே நம் விரல் நுனி உரிய ஆரம்பித்துவிட்டது. வெந்நீரில் கை வைத்தால் எரியும். கறியை இளக்குகிறது நம்மை மட்டும் விட்டுவிடுமா என்று நீ சிரித்தாய்.

ஒரு நாள் செக்கு வாயிலிருந்து எண்ணெய் விழுகிற சத்தம் மாறியது. சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய நேரத்தில் நூல் பிடித்து ஓடியது. நீ எண்ணெய் பிடிக்கிற தகரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாய். கலங்கலும் இல்லை, அடியில் கசடும் கொஞ்சம்தான். நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு விரல் தொட்டு நக்கினோம். கடலை மணம் கொஞ்சமும் கெடவில்லை.

கல்யாணம் எல்லா மாதமும் வராது, கடலையும் எல்லா மாதமும் வராது. தோல் கிடைக்கிறபோதே காயவைத்துப் பொடித்து வைத்தால்தான் அறுவடைக்கு ஆகும். இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

விஸ்வநத்தம் பக்கம் மூடிப்போன ஒரு பட்டாசு கம்பெனியிலிருந்து மரத்தட்டுகள் சும்மா கிடைப்பதாக என் தம்பி சொன்னான். நம்மூரில் இது புதிதா? எந்த வீட்டு மாடியில் வத்தல் காய்ந்தாலும் அடியில் இருப்பது ஏதாவது ஒரு கம்பெனியின் பழைய தட்டுதான். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். வெயிலில் போட்டேன். கழுவிய மரம் வெளுத்து அழகாக இருந்தது. அந்தப் பருவத்துத் தோல் முழுவதையும் அதில்தான் காயவைத்தேன். கெமிஸ்ட்ரி லேபில் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலை இது. இதை எழுதும்போது இன்றைக்கும் காது சுடுகிறது.

தை பிறந்த முதல் வாரம் உன் கொழுந்தனை மில்லுக்கு அழைத்தாய். விருதுநகர் பஜாரிலிருந்து எண்ணெய் வாங்குகிற பெரியவர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தாய். ஒரே வயல் கடலை, ஒரே எடை, இரண்டு பங்கு. ஒன்று சும்மா, ஒன்று நம் பொடி போட்டது. செக்கு ஓடியது. நம் பங்கில் எண்ணெய் கூடவில்லை. குறைந்திருந்தது. அதுவும் கலங்கலாக, எதையோ மறைத்துவைத்த மாதிரி மங்கலாக வந்தது. பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

உன் கொழுந்தனுக்கு அன்று வாய் அடங்கவில்லை. "பாய் வீட்டுக் கல்யாணத்துல கொட்டுன குப்பைய அள்ளியாந்து போட்டா எண்ணெயா மதினி வரும்? நாத்தந்தான் வரும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது. என் வீட்டுக்காரர் தன் கையால் சாக்குக் கட்டி அனுப்பிய தோல் அது. நான் கிளம்பிவிடலாம் என்று கைப்பையைத் தேடினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சொன்னாய்.

"குப்பை எந்த வீட்டுதுன்னு கடலைக்குத் தெரியாது தம்பி. ஒங்களுக்குத் தெரியுது பாத்தீகளா, நாத்தம் அங்கனதான் இருக்கு."

கிராமத்தில் ஒரு விதவை, பங்காளியின் முகத்துக்கு நேராக, வெளியூர் வியாபாரி முன்னிலையில் சொன்ன பேச்சு. அதற்குப் பிறகு அந்த மில்லில் யாராலும் நிற்க முடியவில்லை. எல்லோரும் போய்விட்டார்கள். நீயும் நானும் பேச்சியம்மாளும் மிஞ்சினோம். உனக்குக் கோபம் தலைக்கேறினால் எதையாவது உடைக்க வேண்டும். பக்கத்தில் கிடந்த மரத்தட்டு ஒன்றைக் காலில் மிதித்து முறித்தாய். "காபித் தண்ணியாவது வப்போம், வேற எதுக்கு ஆகும் இது" என்று ஒரு சில்லை அடுப்பில் சொருகினாய்.

அடுப்பு சீறியது. நாம் பின்வாங்கினோம். மரத்தின் விளிம்பில் தீ பச்சையாக எரிந்தது. தீபாவளி மத்தாப்பில் வருமே, அதே பச்சை.

"ஏ நூரு. பச்சை."

வேறு ஊர்க்காரர்களுக்கு அது வெறும் வேடிக்கை. நம்மூர்க்காரர்களுக்கு அதைப் பார்த்தால் போதும். கலர் மருந்து உருண்டைகளைக் காயவைத்த தட்டு அது. அந்த உப்பெல்லாம் மரத்தின் நரம்புக்குள் ஊறியிருக்கிறது. மூன்று தண்ணீரென்ன, முப்பது தண்ணீருக்கும் போகாது. பப்பாளிப் பாலின் நொதி அந்த உப்பில் பட்டதுமே செத்திருக்கும். செத்த பொடியைத்தான் ஒரு பருவம் முழுக்கப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். ஓடிப்போய் இடுக்கியால் சில்லை இழுத்து மண்ணில் புதைத்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குற்றம் என்னுடையது, அவமானம் உனக்கு வந்தது.

நீ என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நீயோ சிரித்தாய். "எம் மில்லுக்குள்ள மருந்து வரக்கூடாதுன்னு நான் வாசல்ல காவல் நிக்கேன். லேபுக்காரி, நீ கொல்லைப் பக்கமா கூட்டியாந்துட்டியே" என்றாய். பேச்சியம்மாளும் சிரித்துவிட்டாள். நான் மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

செய்தி கேட்டு உன் கொழுந்தன் மறுநாள் வந்தார். அந்த எண்ணெயை மற்ற எண்ணெயோடு கலந்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். நீ தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தரிசில் குழி வெட்டிக் கவிழ்த்தாய். புண்ணாக்கையும் அதிலேயே போட்டு மூடினாய். "வெளக்குக்காச்சும் வச்சுக்கலாமே மதினி" என்றார். "பச்சையா எரிஞ்சா சாமி பயந்துரும்" என்றாய். குழியின் மேல் கல்லை வைத்துவிட்டு அவரிடம் நீ கேட்டது ஒன்றுதான்: தை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் எங்கள் ஜமாஅத்தில் கல்யாணமே வைக்காத மாதம். பப்பாளித் தோலுக்கு எங்கே போவது? நான் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன், குப்பை என்று பேசியதையும் மறைக்காமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுக் குப்பைன்னுதான சொன்னாரு? அப்ப அது ஜெயிச்சே ஆகணும்" என்றார். டிவிஎஸ் வண்டியில் சாத்தூர்வரை பிரியாணிக் கடை கடையாக ஏறி இறங்கினார். பண்டாரிமார் எல்லாம் சொந்தக்காரர்கள்தான், ஆளுக்கொரு கைப்பிடி தோல் கொடுத்தார்கள். உன் வீட்டு வேப்ப மர நிழலில், உன் பழைய நூல் சேலைகளை விரித்து அதைக் காயவைத்தோம். யாருடைய தட்டையும் நாம் தொடவில்லை.

தை கடைசி வெள்ளிக்கிழமை. பஜார்ப் பெரியவர் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது, வந்துவிட்டார். உன் கொழுந்தன் வரவில்லை. ஆனால் களத்து மூலையில் மாட்டைப் பார்க்கிற சாக்கில் நின்றுகொண்டிருந்தார், நான் பார்த்தேன். செக்கு ஓடியது. நம் பங்கு தகரம் நிரம்பி அடுத்த பாத்திரம் கேட்டது. பெரியவர் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தார், முகர்ந்தார், மறுபடி தேய்த்தார்.

"இது எந்தூருக் கடலை?"

"இதே கடலைதான்யா. பக்கத்துத் தகரத்துல இருக்கதும் இதுதான்."

"கசடே இல்லையேம்மா" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் தனக்கே கொடுக்க வேண்டும் என்றார். எதைப் போட்டாய் என்று கேட்டார். நீ மூலையில் நின்ற மனிதருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாய்: "பாய் வீட்டுக் கல்யாணத் தோலுய்யா!"

அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் உன் கையில் அந்த மில் ஓடியது. மூன்று பெண்கள் எட்டுப் பேர் ஆனார்கள். இப்போது அதை எழுதும்போது சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. போன வருஷம் விருதுநகரில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். கோட்டுப் போட்ட ஒரு தம்பி திரையில் படம் காட்டி, உணவுக் கழிவிலிருந்து நொதி எடுத்துத் தாவர எண்ணெயை மேம்படுத்தலாம், இது புதிய யோசனை என்றார். நான் எழுந்து நின்றேன். வெம்பக்கோட்டைப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பொம்பளை இதை எப்போதோ செய்து முடித்துவிட்டாள் என்றேன். "எங்கயாவது பதிவாகியிருக்காங்கம்மா?" என்று கேட்டார். உன் எருமையின் கருத்துகள் அடங்கிய நோட்டு என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன், கடைசியில் அவர் வந்து நோட்டைப் பார்க்கக் கேட்டார்.

இனி அந்தக் கடைசி நாட்களைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உன்னால் அதைப் பற்றி என்னிடம் பேச முடியாமலே போய்விட்டது.

பக்கவாதம் உன் பேச்சையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், களத்தில் விழுந்த உன்னை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் உன் கொழுந்தன்தான். அதே மனிதர்தான் நீ வீட்டுக்குத் திரும்பிப் படுக்கையில் கிடந்தபோது, பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மில் கட்டடத்தைப் பட்டாசு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட நீ சம்மதித்ததாக எழுதிய தாள். உன் மகள் காலேஜ் பரீட்சைக்குப் போயிருந்தாள். நான் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அவ சம்மதம் சொன்னாளா?" என்று கேட்டேன்.

"நீங்க வீட்டாளு இல்லம்மா. கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

"கிண்ணத்துல கஞ்சி இருக்கு. அது தீராம எந்திரிக்க மாட்டேன்" என்றேன். அடுத்த கரண்டிக் கஞ்சியை உன் வாயருகே கொண்டுபோனேன்.

அவர் உன் இடது கையை எடுத்தார். கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றித் தாளில் அழுத்தினார். பத்திரம் எழுதுகிறவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தாளில் கறுப்பாக ஒரு வட்டம். உள்ளே ஒரு கோடு இல்லை. மை அதிகம் போலிருக்கிறது என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். மறுபடியும் மொட்டை வட்டம். வேறு விரல்களை வைத்தார்கள். நான்கும் அப்படியே. பத்திரம் எழுதுகிறவர் மைப்பெட்டியை மூடினார்.

"ரேகை விழலயேய்யா. இதுல நான் சாட்சி போட்டா நாளைக்கு என்னத்தான் கேப்பாக. எனக்கு வேண்டாம்."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். வாயின் ஒரு பக்கம் அசையவே இல்லை. மறுபக்கம் சிரித்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது சிரிப்புதான் என்று நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன். நாவும் கையும் போன பிறகும் நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். வருஷக்கணக்காகத் தோல் அரைத்த அந்த விரலே உனக்காகச் சொன்னது. உன் கொழுந்தன் தாளை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மிச்சக் கஞ்சியை ஊட்டினேன். பத்து நாளில் நீயும் போய்விட்டாய்.

மில் உன் மகளுடையது. பேச்சியம்மாள் செக்கைப் பார்த்துக்கொள்கிறாள், இப்போது அவள் மகளும் வருகிறாள். தோலை அரைக்கிறவர்களுக்கெல்லாம் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டேன், அணியாமல் யாரும் உட்கார முடியாது, அதில் நான் கண்டிப்பு. எனக்கு மட்டும் கையுறை போட்டால் காயின் பதம் தெரிவதில்லை. லேப் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறு மட்டுமில்லை, நினைத்த நாளெல்லாம் அங்கேதான் இருக்கிறேன். கட்டடத்துக்கு இன்னமும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். உன் ஒற்றை வரியை உன் குரலிலேயே சொல்லி அனுப்புகிறேன்.

ரேஷன் கடைப் பெண் சொன்னபடி ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கோடெல்லாம் திரும்ப வளருமாம். அரசாங்கத்தின் மெஷினுக்கு நான் யாரென்று தெரிந்துவிடுமாம். இன்று காலையில் ஒரு சாக்குத் தோல் வந்தது. அரைத்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். விரல் எரிகிறது.

கடிதம் என்றால் கீழே பேர் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. பேத்தியின் மைப்பெட்டியை எடுத்து என் கட்டைவிரலை ஒற்றி இந்தத் தாளின் அடியில் வைத்திருக்கிறேன். கோடே இல்லாத ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. இது யாருடையது என்று உனக்குத் தெரியும்.